நிப்பாட்டு அண்ணையும் பாலைவனக் கப்பலும்

1976 நவம்பர் 13, சனிக்கிழமை, அதிகாலை நாலு மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை, காற்றும் இல்லை. சிட்னிக்கு மேற்கே, வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டு வாசலில் தொங்கிய வெப்பமானி பதினேழு பாகை காட்டியது. அந்த நேரத்தில், இந்தக் கண்டத்தில் றோட்டுக்குத் தார் ஊற்றத் தொடங்கிய நாளிலிருந்து எந்தக் காரிலும் ஏறியிராத அளவுக்கு மகா மோசமான பிரயாணி ஒருவர் என் பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மடியில் ஒரு குலை வாழைப்பழத்தை வைத்துக்கொண்டார்.

குலையில் ஒன்பது சீப்பு. நூற்றுப் பதினெட்டுப் பழம். முதல் நாள் மாலையே எண்ணிவிட்டேன்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. வாடகை றசீதில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரில் மற்ற நால்வருக்கும் அவர் நிப்பாட்டு அண்ணைதான். வயது நாற்பத்து மூன்று. ஊர் யாழ்ப்பாணக் கடற்கரையில் பருத்தித்துறை. வேலை, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டையும் உடையாத பிஸ்கட்டையும் வேறாக்குவது. அவரோடு பஸ்ஸில் போனாலும் காரில் போனாலும், றோட்டோரம் வழமைக்கு மாறாக ஒரு பொருள் தென்பட்டால் போதும். "நிப்பாட்டு!" என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவை பரமட்டாவுக்குப் போகும் ரயிலில் இருந்தபடி அந்தச் சத்தத்தைப் போட்டார். ரயில் நிற்கவில்லை. அவருக்கு அது பெரிய மனக்குறை.

அவரிடம் ஒரு பழைய ஸ்டேஷன் வாகன் இருந்தது. லைசென்ஸ் இல்லை. ஆறு தரம் சோதனைக்குப் போய் ஆறு தரமும் தவறவிட்டார். கார் ஓட்டத் தெரியாமல் இல்லை. ஆறாவது சோதனையில், பரீட்சகர் இடப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் அண்ணை காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஒரு வீட்டு முற்றத்தில் பழைய கார் ரயரை வெட்டிச் செய்து வைத்திருந்த அன்னப்பறவையைப் பார்க்கப் போய்விட்டார். பதினொரு நிமிடம் கழித்து வந்து, "மிஸ்டர், நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ" என்று தமிழிலேயே கூப்பிட்டாராம். பரீட்சகர் காருக்குள் இருந்தபடியே கடதாசியில் கோடு போட்டார்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கார் இல்லை. வேலையும் இல்லை. கணிதத்தில் பட்டம், இருபத்தொன்பது வயது, ஏழு மாதம் சும்மா இருப்பு. நாற்பத்தேழு விண்ணப்பம் அனுப்பி ஒரே ஒரு பதில் வந்திருந்தது. மேற்கே, பாலைவனத்தில் இருக்கும் சுரங்க நகரம் ஒன்றில், சுரங்கத்தின் களஞ்சியத்துக்கு ஒரு எழுதுவினைஞர் தேவை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். என் விசா டிசம்பர் ஆறாம் தேதியோடு முடிகிறது. வேலைக் கடிதம் கையில் இருந்தால் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் இருபத்து மூன்று நாளில் பெட்டி கட்ட வேண்டும்.

"காரைக் கொண்டு போ தம்பி. நானும் வாறன்," என்றார் அண்ணை. "ஒரு சொல்லு மட்டும். நான் நிப்பாட்டு எண்டால் நீ நிப்பாட்ட வேணும்."

"எத்தினை தரம் அண்ணை?"

"அதை இப்ப என்னெண்டு சொல்லுறது? றோட்டிலை என்ன கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீற்றர். மணிக்கு எண்பது வீதம் பதினாலே கால் மணித்தியாலம். எனக்கு இரண்டு பகல் இருந்தது. ஒரு நிப்பாட்டுக்குப் பத்து நிமிடம் வீதம் இருபது நிப்பாட்டுக்கு இடம் வைத்துக் கணக்குப் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

முதல் நிப்பாட்டு வீட்டிலிருந்து நாலாவது கிலோமீற்றரில் வந்தது. பசுமாட்டு வடிவத்தில் ஒரு தபால் பெட்டி. கடிதத்தை வாய்க்குள் போட வேண்டும். அண்ணை அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். "பாத்தியே! எடுக்கிறது எங்காலை எண்டு பாத்தியே!" பின்பக்கத்தால்தான் எடுக்க வேண்டும். விடிவதற்குள் ஒரு மனிதரின் கேற்றடியில் நின்று நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினாலு நிமிடம்.

மலைத்தொடரைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கியதும் நிப்பாட்டு வேகம் பிடித்தது. ஒரு பெற்றோல் செட்டில் இரண்டு ஆள் உயரச் சீமெந்து மீன். நான் பெற்றோல் அடித்துக்கொண்டிருக்க, அண்ணை குலையிலிருந்து ஒரு சீப்பை முறித்து எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார்.

"அண்ணை, பழம் எங்கை கொண்டு போறியள்?"

"வெறுங்கையோடையே ஒருத்தர் வீட்டுக்குப் போறது?"

"இது பெற்றோல் செட் அண்ணை!"

"மீனைக் கட்டி வச்சவன் இதுக்குள்ளைதானே இருக்கிறான்."

அப்போதுதான் குலையின் நோக்கம் எனக்கு விளங்கியது. அவர் இவற்றைக் காட்சிப் பொருளாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போய் வருவது. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். பழத்தைக் கொடுப்பார். கதிரை இருந்தால் உட்காருவார். பிள்ளைகள் எத்தனை, என்ன செய்கிறார்கள், மூத்தவளுக்குக் கலியாணம் பேசியாயிற்றா என்று தனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொல்லை வைத்து விசாரிப்பார். மீன்காரன் முதலில் முழுசினான். பிறகு ரூபாய் நோட்டுப் போல மடித்து வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து, போன வருடம் பிறந்த பேத்தியைக் காட்டினான். அதற்குப் பிறகு மீன் எப்படிக் கட்டப்பட்டது, எத்தனை மூட்டை சீமெந்து, கண்ணுக்கு வைத்தது எந்த லொறியின் விளக்கு என்று எல்லாம் வந்தது. நாற்பத்தொரு மூட்டை. நான் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இருட்டும்போது பதினெட்டு நிப்பாட்டு ஆகியிருந்தது. தூரம் பாதியைக்கூடத் தொடவில்லை. முள்ளுக்கம்பி அருங்காட்சியகம் ஒன்றில் மட்டும் ஐம்பது நிமிடம் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு வகை முள்ளுக்கம்பி. "இதிலை உங்களுக்கு ஆகப் பிடிச்சது எது?" என்று அண்ணை அதன் சொந்தக்காரரிடம் கேட்டார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு மூலையில் இருந்த ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார். அவருடைய தகப்பன் இழுத்துக் கட்டிய முதல் வேலியாம். பதினாறு வருடமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்றார்.

நான் வெளியில் நின்று, "அண்ணை, திங்கட்கிழமை ஒன்பது மணி! ஒன்பது மணி!" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் பழச் சோதனைச் சாவடி வந்தது. பழ ஈ பரவாமல் இருக்க, அந்த இடத்தைத் தாண்டிப் பழம் கொண்டு போகக்கூடாது. அரைக்காற்சட்டை போட்ட அதிகாரி காருக்குள் எட்டிப் பார்த்து, அண்ணையின் மடியைக் கண்டு, பக்கத்தில் இருந்த பெரிய தகரத் தொட்டியைக் காட்டினார். ஒன்று அதற்குள் போடுங்கள், அல்லது இங்கேயே சாப்பிடுங்கள்.

மிச்சம் நாலு சீப்பு, நாற்பத்தேழு பழம்.

"குப்பைத் தொட்டியிலையோ?" என்றார் அண்ணை. "ஆக்களின்ரை வீட்டுக்கெண்டு வாங்கின சாமான்."

"அண்ணை, போட்டிட்டு வாங்கோ. மணி பன்னிரண்டரை."

"நீ உரி."

உரித்தோம். நிழல் ஒன்றும் இல்லை, முப்பத்தெட்டுப் பாகை. பன்னிரண்டாவதோடு நான் கையை எடுத்துவிட்டேன். அண்ணை நிமிர்ந்து நின்று, ஒரு கடமையைச் செய்வது போல இருபத்தொரு பழம் சாப்பிட்டார். அதோடு அவருக்கும் முடியவில்லை. ஒரு பழத்தை உரித்து அதிகாரிக்கு நீட்டினார். "ஈட், மிஸ்டர், ஈட்." அதிகாரி வேண்டாம் என்றார். அண்ணை நீட்டிய கையை எடுக்கவில்லை. நீட்டிய கையை எடுக்காமல் நிற்பதில் அண்ணையை வெல்ல ஆள் கிடையாது. அதிகாரி ஐந்து சாப்பிட்டார். பின்னால் வந்த லொறிச் சாரதி இறங்கி வந்து, என்ன கூட்டம் என்று கேட்டு, மிச்சம் ஒன்பதையும் முடித்தான். புறப்படும்போது அதிகாரி எங்களுக்குக் கைகாட்டினார். அங்கே போனது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

அதன் பிறகு மரங்கள் இல்லை. மண் செங்கல் நிறம். வானம் தரைக்கு வந்து நாலு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது. நான் வழக்கமாகத் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போகிறவன். அங்கே எண்ணூற்று முப்பதோடு விட்டுவிட்டேன். வேறு ஒன்றுமே இல்லாத இடத்தில் எண்ணிக்கை பயமாக இருந்தது. அண்ணை ஒரு சத்தமும் போடாமல் வாயைத் திறந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, நிப்பாட்டவோ?"

"எங்கையெண்டு நிப்பாட்டிறது தம்பி? எல்லாமே அதுதானே."

மூன்று மணி இருபதுக்கு அந்தச் சின்ன ஊர் வந்தது. பெயரைச் சொல்லவில்லை. ஒரு தெரு, பதினாலு கட்டிடம். ஆனால் அண்ணைக்கு அது ஒரு தலைநகரம். பெற்றோல் பம்புக்கு மணப்பெண் உடுப்புப் போட்டிருந்தார்கள். கறையான் புற்று ஒன்றுக்குச் சட்டையும் தொப்பியும். தெருவின் கடைசியில் ஒரு முதிய தம்பதி இருந்தார்கள். மனைவி வெறும் போத்தல்களை அடுக்கிச் சாந்து பூசி ஒரு வீடு கட்டியிருந்தாள். கணவர், அவளுக்குப் போட்டியாக, வீட்டுக்கு முன்னால் ஒரு நீண்ட பலகை வேலி போட்டு, அதில் வழிப்போக்கர்கள் விட்டுப் போகும் பழைய சப்பாத்துகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது. அவளுக்குக் கேட்கும், ஆனால் அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

நாங்கள் போத்தல் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குள் போகிறவர்கள் என்ன செய்வோம்? வேலியடியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனோம்.

உள்ளே போய் நின்றோம். பிற்பகல் வெயில் பச்சை, மண்ணிறம், நீலம் என்று போத்தல்களுக்குள்ளால் வந்து, சுவர், நிலம், எங்கள் கால் எல்லாவற்றிலும் விழுந்திருந்தது. பாலைவனத்தில் எறிந்த குப்பையை வைத்து ஒரு கிழவி கோயில் கட்டியிருக்கிறாள். அண்ணை இரண்டு கையையும் கூப்பினார். பிறகுதான் வெறுங்கை என்பது நினைவு வந்து, காருக்கு ஓடிப்போய், ஊரிலிருந்து அவருடைய தாயார் இடித்து அனுப்பியிருந்த மிளகாய்த்தூள் போத்தலைக் கொண்டு வந்து கொடுத்தார். அது அவருக்கு ஆறு மாதச் சாப்பாடு. கிழவி தூளை ஒரு தகரத்தில் கொட்டி, தும்மி, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்போதே சாந்து குழைத்துச் சுவரில் ஒரு பொந்தில் பதித்தாள்.

அண்ணை நெஞ்சுப் பையிலிருந்து பழைய பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து அவளிடம் காட்டினார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. நான் அதை அன்றுவரை பார்த்ததில்லை. வெறும் மண்ணில் பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கும் படம்.

"இதுவா? நாற்பது மைல். நீங்கள் போகும் வழியில், வலப்பக்கம்," என்றாள் கிழவி. "ஒரு காற்றாலை திருத்துகிற கிழவன் தகரத்தால் கட்டினான். அதைப் பார்க்காமல் போகாதீர்கள்."

"மூண்டு வருசமாய் வச்சிருக்கிறன் தம்பி," என்றார் அண்ணை. "நீ மேற்காலை போறன் எண்டு சொன்ன உடனை எனக்கு நெஞ்சு இடிச்சது. உன்ரை ஒன்பது மணிக்கு ஒண்டும் வராது. அரை மணித்தியாலம் காணும்."

வெளியே வந்தோம். சப்பாத்தைக் காணவில்லை.

கிழவர் வேலிக்குப் பின்னால் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலியடியில் வைத்தால் அது காணிக்கைதானே என்று முகத்தை வைத்துக்கொண்டார். எந்த இடத்தில் அடித்தார் என்பது அவருக்கே நினைவில்லை. அண்ணை தன்னுடையதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "என்ரை அதிலை கிடக்கட்டும். பருத்தித்துறைச் சப்பாத்தும் ஒண்டு நிக்கட்டும்" என்று பெருமையாகக் காரில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டார். ஆனால் என்னுடையது கறுப்புத் தோல், நேர்முகத்துக்கென்று வாங்கியது. என்னிடம் இருந்த ஒரே சோடி. அன்று பொழுதுபடும் வரை தேடினோம். எல்லாச் சப்பாத்தும் செம்புழுதி மூடி ஒரே நிறமாக இருந்தது. கிழவி எங்களைத் தன் வீட்டு விறாந்தையில் படுக்கச் சொன்னாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு, முறையாகத் தேடுவது என்று முடிவு செய்து, வேலியின் இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். நானூற்றுப் பதினேழாவதும் நானூற்றுப் பதினெட்டாவதும் என்னுடையவை. மணி ஆறு ஐம்பது. பிடுங்கி, துடைத்து, போட்டுக்கொண்டேன். சப்பாத்தின் நாக்கில் ஆணித்துளை.

அண்ணை காரில் இருந்து கூப்பிட்டார். "தம்பி, கிடைச்சிட்டுதே?"

"ஓம் அண்ணை."

"பேந்தென்ன, வா."

"இன்னும் கொஞ்சம் கிடக்குது."

"என்ன கிடக்குது?"

"வேலி."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நானூற்றுப் பதினெட்டு வரை எண்ணிவிட்டு மிச்சத்தை எண்ணாமல் ஒரு மனிதன் எப்படிப் போவான்? இரண்டு நாளாக நிமிடக் கணக்குச் சொல்லி அந்த மனிதரை அரித்தவன் நான். இப்போது அவர் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தார். ஐந்து தரம். நான் ஐந்நூற்று அறுபதில் நின்றேன். "விசர் பிடிச்சிட்டுதோ உனக்கு! வேலைக்கல்லோ போறாய்!" நான் கையை உயர்த்தி, எண்ணிக்கை குழம்பாமல் இருக்க விரலை உதட்டில் வைத்துக்காட்டினேன். அறுநூற்று எண்பத்து மூன்றில் வேலி முடிந்தது. மணி ஏழு நாற்பது. ஒற்றை எண். அது ஏன் ஒற்றை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நூற்று நாற்பது கிலோமீற்றர், எண்பது நிமிடம். மணிக்கு நூற்றைந்து போக வேண்டும். கார் தொண்ணூறில் நடுங்கத் தொடங்கும், நூறில் கண்ணாடி கழன்று விழும். பெட்டி கட்டுவது, விமான நிலையம், ஊரில் என்னைப் பெற்ற ஐயாவின் முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்ணை ஒரு முறைகூட "உன்ரை வேலி" என்று சொல்லிக் காட்டவில்லை.

எட்டு மணி இருபத்தாறுக்கு வலப்பக்கம் அது தெரிந்தது.

முதலில் ஒரு தண்ணீர்ப் பரப்பு. கானல்தான், எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு மேல் மூன்று பாய்மரம். பிறகு முழுக் கப்பல், காலை வெயில் தகரத்தில் பட்டு வெள்ளியாகக் கொதிக்க, செம்மண் மேல் மிதந்து எங்களோடு சேர்ந்து ஓடி வந்தது. பாய்களெல்லாம் மாவுச் சாக்கு. காற்றில் புடைத்திருந்தன. கடல் எங்கேயோ நானூறு மைலுக்கு அப்பால். என்னை அறியாமல் என் கால் அக்சிலேற்றரிலிருந்து எழும்பிவிட்டது.

"அண்ணை," என்றேன். "அண்ணை, பாருங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, தலையை முழங்காலுக்குள் வைத்துக் குனிந்திருந்தார்.

"நிப்பாட்டாதை!" என்று கத்தினார். "மிதி! நான் பாத்தால் என்ரை வாய் சும்மா இராது. மிதியடா தம்பி!"

மிதித்தேன். கப்பல் பின்னால் போய்ச் சின்னதாகி, கண்ணாடியில் ஒரு மினுக்கமாகி, இல்லாமல் போன பிறகுதான் அவர் நிமிர்ந்தார். "போயிட்டுதே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சுரங்க அலுவலக வாசலில் நிறுத்தியபோது என் கைக்கடிகாரத்தில் ஒன்பது மணி பதினாலு. எல்லாம் முடிந்தது. படிகளில் ஓடினேன். பத்தொன்பது படி. உள்ளே இருந்த பெண்ணிடம் மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"இன்னும் பதினாறு நிமிடம் இருக்கிறதே. உட்காருங்கள்."

சுவர்க் கடிகாரம் எட்டு நாற்பத்து நாலு காட்டியது. அந்த நகரம் எங்கள் மாநிலத்துக்குள் இருந்தாலும் பக்கத்து மாநிலத்தின் நேரத்தையே வைத்திருக்கிறது. சிட்னிக்கு அரை மணித்தியாலம் பின்னால். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை. பதினாறு நிமிடம் அந்தக் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கப்பல் பார்க்கப் பதினாறு நிமிடம் போதும்.

களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு தடித்த மனிதர். நட்டு, போல்ட், சங்கிலி, கயிறு, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வகை இருக்கிறது, எண்ணுவதில் அனுபவம் உண்டா என்று கேட்டார். வேறு ஒன்றும் நாக்குக்கு வராமல், அன்று காலை சப்பாத்து வேலியை எண்ணிவிட்டு வந்ததாகச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை?"

"அறுநூற்று எண்பத்து மூன்று. இன்று காலை நான் இரண்டைப் பிடுங்கிய பிறகு அறுநூற்று எண்பத்தொன்று."

அந்த வேலி பற்றிச் சுரங்கத்தில் நாலு வருடமாகப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்ததாம். வெயிலில் நின்று எண்ண ஒருவனும் முன்வரவில்லையாம். மறுநாளே வேலையில் சேரச் சொன்னார். கடிதத்தை அங்கேயே தட்டச்சுச் செய்து கையெழுத்திட்டுத் தந்தார்.

வெளியே வந்தேன். அண்ணை காரில் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், தபால் கந்தோரின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே கழுத்தை நிமிர்த்தி நின்றார். அந்த அரை மணித்தியாலத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

"தம்பி, இதைப் பாத்தியே! இந்த மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி. பிழையாக்கும் எண்டு ஒரு கடைக்காரனைக் கேட்டன். அவன்ரையும் பிந்தி. எல்லாற்றையும் பிந்தி! ஒரு முழு ஊர் அரை மணித்தியாலத்தை எடுத்து ஒளிச்சு வச்சிருக்குது! இப்பிடி ஒண்டை எங்கையாவது கண்டியே?"

"அண்ணை, அந்தக் கப்பல்..."

"வேலை கிடைச்சுதே?"

"ஓம்."

"அவ்வளவுதான். பேந்தென்ன கப்பல்?"

எனக்கு மறுநாள் வேலை, அவரால் காரை ஓட்ட முடியாது. சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டார். "லைசென்ஸ் இல்லாதவனுக்கு என்னத்துக்குக் கார்?" அன்று மாலை ரயிலில் ஏறினார். ரயில் பாதை வேறு, அது கப்பல் பக்கம் போவதில்லை. நான் அதையும் வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த மூன்று மாதமும் அந்தக் கப்பலைப் பார்க்க நான் போகவில்லை. வார விடுமுறை பன்னிரண்டு வந்தது. மனம் வரவில்லை. பெப்ரவரியில் அண்ணைக்கு ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பினேன். வந்து இறங்கினார். இந்த முறை பழம் இல்லை, ஒரு தகரம் நிறைய உடைந்த பிஸ்கட்.

கப்பலின் நீளம் என் காலடியில் முப்பத்தொன்று. கட்டியவர் எழுபத்து நாலு வயதுக் கிழவர், பற்கள் ஒன்பது. அண்ணை செருப்பைக் கழற்றி, ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மேலே ஏறினார். முன்பக்கத்து அணியத்தைத் தடவினார். சுக்கானைத் திருப்பிப் பார்த்தார். பாய்க் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்து, தன் ஊர் முடிச்சுப் போட்டு இறுக்கினார். நங்கூரம் இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்று சைகையால் காட்டினார். கிழவர் தலையைச் சொறிந்தார். தீப்பெட்டிப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் கட்டினாராம். அவர் கப்பலையும் கண்டதில்லை, கடலையும் கண்டதில்லை.

"மறுகரை தெரியாது என்கிறார்களே, உண்மையா?" என்று அண்ணையைக் கேட்டார்.

நிப்பாட்டு அண்ணை கையை விரித்தார். இன்னும் விரித்தார். பிறகு இரண்டையும் தொங்கவிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த மனிசனுக்கு நான் இதை என்னெண்டு சொல்லுறது? டிக்கெட் இன்னொண்டு எடு."

புதன்கிழமை இருவரையும் ரயில் ஏற்றினேன். கிழவர் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். பத்து நாள் கழித்து அண்ணையிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பொண்டாய்க் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதாக எழுதியிருந்தார். கிழவர் இரண்டு மணித்தியாலம் மணலில் நின்றாராம். பிறகு மெல்ல, இதைக் கட்டினது யார் என்று கேட்டாராம்.

அந்த அட்டை இப்போதும், ரோவில்லில் நான் குடியிருக்கும் வீட்டில், என் மேசை லாச்சியில், இரத்த அழுத்த மாத்திரைகளுக்குக் கீழே இருக்கிறது. அண்ணை போய்ப் பத்தொன்பது வருடம். அவர் மறுபடி வந்து கதவைத் தட்டி, "இன்னொண்டு எடு" என்றால், எத்தனை டிக்கெட், எந்த ஊருக்கு என்று ஒன்றும் கேட்காமல் இன்றைக்கும் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அவருடைய வரவும் போக்கும், கிழவருடைய போக்கும் வரவும், எல்லாம் இரண்டாம் வகுப்பில், அறுபத்தெட்டு டொலர் நாற்பது சதம்.